பக்கத்தைத் திருப்பும் சொல்

பேராசிரியர் எழுதிய புத்தகங்கள் எல்லாமே வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் பிழை திருத்தப்பட்டன. பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையில் அவருக்கென்று தனி அறை உண்டு. கூரையைத் தொடும் அலமாரிகளும் கதவை மூடினால் வெளிச் சத்தமே கேட்காத கனத்த சுவர்களும் உண்டு. ஆனாலும் அச்சகத்திலிருந்து பிழை பார்க்க மெய்ப்புத் தாள்கள் வந்தால் அந்தக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அக்கா இல்லாமல் அந்த வேலை ஓடாது.

முறை எளிமையானது. அவர் தன் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். சொற்களோடு கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். எதிர் நாற்காலியில் அக்கா அச்சான தாளின் மேல் சிவப்புப் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவாள். பக்கம் முடிந்ததும் "சரி" என்பாள். அவள் சரி என்று சொல்லாமல் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை.

வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால், மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும்வரை பேசாமல் நிற்பார் அவர். மாணவர்கள் அவருக்கு 'மௌனம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மௌனமெல்லாம் சாப்பாட்டு மேசையில் செல்லாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் அக்கா. சிறுவயதில் அவருக்குச் சூட்டிய பெயரை அவள் கைவிடவே இல்லை.

"டேய் பண்டிதா, இந்த வாக்கியத்துக்குள்ள போனவன் வெளிய வர வழியே இல்லையே. எங்கடா மூச்சு விடறது?"

"அது ஒரே கருத்துக்கா. உடைக்க முடியாது."

"கருத்து ஒண்ணுதான். படிக்கிறவனுக்கு உயிரும் ஒண்ணுதான்."

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் அக்கா தம்பியைக் கைகாட்டுவாள், தம்பி அக்காவைக் கைகாட்டுவார். அப்படியே வயதாகிவிட்டது.

அவருடைய கடைசிப் புத்தகம் மரித்தவர்களைப் பற்றியது. மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே மனிதர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதே அதன் கேள்வி. சீர்திருத்தச் சபையின் பிள்ளையான அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். மரித்தவர்கள் கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்கள். நாம் அவர்களை அழைப்பதும் இல்லை, அவர்கள் நம்மைத் தேடி வருவதும் இல்லை. அதற்கு மேல் வேதம் ஒன்றும் சொல்லவில்லை. வேதம் நிற்கிற இடத்தில் நாமும் நிற்கவேண்டும். ஏழு அத்தியாயங்கள். ஏழாவது அப்படி நின்றுதான் முடிந்தது.

மூன்றாம் அத்தியாயத்தின் மெய்ப்பு பாதி முடிந்திருந்தபோது அக்கா போய்விட்டாள். காலையில் நாளிதழைப் படித்து மடித்து வைத்தவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அடக்க ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா எங்கயும் போகல சார், உங்க கூடவேதான் இருப்பாங்க" என்றார்.

"இல்லைங்க. அக்கா இங்க இல்ல. கர்த்தர்கிட்ட இருக்காங்க" என்று திருத்தினார் பேராசிரியர். அந்த மனிதர் கையை மெதுவாக விட்டுவிட்டார். ஆறுதலையும் பிழை திருத்தியே வாங்கிக்கொள்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

சில வாரங்கள் மெய்ப்புக் கட்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு ஒரு பிற்பகல், தெரு அடங்கிய வேளையில், கையெழுத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்தார். ஓடவில்லை. வரிகள் வழுக்கிக்கொண்டு போயின. அச்சுத் தாளை எதிர் நாற்காலியின் முன் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் உரக்கப் படிக்கத் தொடங்கினார். அரைப் பக்கம்கூடப் போயிருக்காது.

"கமா விட்டிருக்கான் பாரு."

அவர் திடுக்கிடவில்லை. படிப்பதை நிறுத்தினார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அச்சுத் தாளைப் பார்த்தார். கமா இல்லை. சிவப்புப் பென்சிலால் போட்டுவிட்டு, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பக்கம் முடிந்தது.

"சரி."

அவர் ஆராய்ச்சிக்காரர். பயப்படுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதே பழக்கம். அச்சை நான் முன்பே மேலோட்டமாகப் பார்த்திருப்பேன், அக்காவின் குரலில் என் மனமே பேசுகிறது என்று முதலில் எடுத்துக்கொண்டார். அடுத்த அத்தியாயத்தின் உறையைப் பிரிக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தாள்களைத் தடவித் தடவி எதிரே அடுக்கினார். பிறகு படித்தார். குரல் பிழைகளைச் சொல்லிக்கொண்டே வந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தால், சொன்ன இடத்தில் சொன்ன பிழை இருந்தது.

அன்று வேறொன்றும் செய்யாமல் கைகளை மேசைமேல் வைத்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

மரித்தவர்களோடு பேசக்கூடாது என்று கற்பித்துப் போதகர்களை உருவாக்கியவர் அவர். ஆகவே அவர் பேசவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அக்கா என்று ஒரு தடவைகூட அழைக்கவில்லை. மெய்ப்புப் படிப்பது பேச்சாகாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இப்படி ஒரு வாதத்தை மாணவன் எவனாவது கட்டுரையில் எழுதியிருந்தால் தோலை உரித்திருப்பார்.

ஆனால் பக்கங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஆறாம் அத்தியாயம் முடிந்த நாளில் மிச்சமிருந்த கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மெலிந்திருந்தது. அன்றுதான் அவர் அதைச் செய்தார். திருத்தி முடித்த பக்கம் ஒன்றை எடுத்து, சரியாக இருந்த சொல்லை அடித்துவிட்டுத் தவறான சொல்லை எழுதினார். நல்ல வாக்கியத்தின் நடுவே ஒரு கமாவைச் செருகினார். ஒரு வசன எண்ணை மாற்றினார். அவர் எழுதிக்கொடுத்ததை அச்சகம் அப்படியே அச்சடித்து அடுத்த மெய்ப்பாக அனுப்பியது. அவர் கையெழுத்திலிருந்து சரியாகப் படித்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இது என்னடா கூத்து? போன தடவை சரியாத்தானே இருந்துது."

அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது. அடுத்த மெய்ப்பில் இன்னும் நிறையப் பிழைகளை விதைத்தார்.

பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. முதல் ப்ரூஃபைவிட மூணாவது ப்ரூஃப்ல தப்பு அதிகமா இருக்கு. டைப் பண்ற அம்மா, இந்தப் புஸ்தகம் முடியறதுக்குள்ள நான் பரலோகம் போய் நேர்லயே பார்த்துட்டு வந்துடுவேன்னு சொல்றாங்க."

"இன்னும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றார் பேராசிரியர். அதற்குப் பிறகும் அதையேதான் சொன்னார்.

ஒரு பிற்பகல், பக்கம் முடிந்தும் "சரி" வரவில்லை. அவர் காத்திருந்தார். எதிரே நாற்காலியின் பிரம்பு மெல்ல முனகியது, யாரோ முதுகைச் சாய்த்ததுபோல.

"டேய், இன்னும் எத்தனை பக்கம்டா இருக்கு?"

குரலில் கேலி இல்லை. கண் எரிச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்து ஆளை அமுக்குகிறபோது வருகிற குரல். மரித்தவர்கள் இளைப்பாறுகிறார்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியவர், ஒருத்தியை மட்டும் இளைப்பாற விடாமல் கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவே இழுத்து உட்காரவைத்திருக்கிறார். புத்தகம் பொய்யாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் அவளை விட்டுவிட வேண்டும்.

மறுநாள் துறைத்தலைவி வந்தாள். அவருடைய பழைய மாணவி. பதிப்பாளர் அவளிடம் முறையிட்டிருந்தார். மெய்ப்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது.

"சார், இந்தத் தப்பெல்லாம் உங்க கையெழுத்துல இருக்கு."

அவர் எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

"மறதியா சார்? டாக்டரைப் பார்க்கலாமா?"

"மறதி இல்லம்மா. வேணும்னேதான் போட்டேன்."

மின்விசிறிச் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க அவளும் அவரிடம்தான் கற்றிருந்தாள். காத்திருந்தாள். பிறகு எதிர் நாற்காலியையும் அதன் முன்னிருந்த சிவப்புப் பென்சிலையும் பார்த்தாள்.

"புஸ்தகம் முடிஞ்சா அக்கா போயிடுவாங்கன்னா?"

"போகட்டும். களைச்சுப் போயிட்டாங்க" என்றார்.

அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அவர் கையெழுத்தைப் படிக்க, அவர் விதைத்திருந்த பிழைகளை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எதிர் நாற்காலி கடைசிவரை சத்தமே காட்டவில்லை. "இந்தக் கமாவெல்லாம் களை மாதிரி மண்டிக் கிடக்கு சார். இத்தனையையும் போட எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவரும் சிரித்தார். வெயில் சாய்வதற்குள் ஏழாம் அத்தியாயமும் முடிந்தது. கட்டைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு, "நேரா அச்சகத்துக்குத்தான் போறேன். நீங்க கொஞ்சம் படுங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவர் உள்ளே வந்தார். மேசை வெறுமையாக இருந்தது. இத்தனை நாள் கழித்துத் தன் வீட்டில் தான் மட்டும் இருப்பது தெரிந்தது. வலித்தது, ஆனால் சுத்தமான வலி. தன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

எதிரே குரல் படிக்கத் தொடங்கியது.

பிழை சொல்லவில்லை, படித்தது. அக்கா என்றுமே படித்ததில்லை, பின்தொடர்ந்துதான் பழக்கம். ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் விடாமல். குரல் அக்காவுடையது. ஆனால் மூச்சு விடுகிற இடங்கள் அவருடையவை. வேதம் நிற்கிற இடத்தில் நாமும் நிற்கவேண்டும், முற்றுப்புள்ளி. பக்கம் முடிந்தது. குரல் நின்றது. எதிர்த் தரப்பின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

பிழை இல்லை. அச்சும் கையெழுத்தும் ஒத்துப்போகின்றன. ஆயுள் முழுக்கப் பழகிய காதுக்கு அதற்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்.

"சரி" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மேசைமேல் தாளே இல்லை. ஆனாலும் தாள் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.

"அத்தியாயம் எட்டு" என்றது குரல்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இங்கே, கமா, ஒருவரும் உறங்குவதில்லை. முற்றுப்புள்ளி."

அது அவர் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம்தான். அதே நடை, அதே அடக்கம். அடுத்த வாக்கியம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஊரெல்லாம் உள்ள நூலகங்களில் உட்கார்ந்து, கண் பூத்துப்போகும்வரை அவர் தேடியது இந்தப் பக்கத்தைத்தான். அவர் கை தானாக நகர்ந்து சிவப்புப் பென்சிலைத் தொட்டது. எழுதிக்கொள்ளலாம். குரலைப் போகவிட வேண்டியதும் இல்லை. எட்டு முடிந்தால் ஒன்பது வரும். பிற்பகல்களுக்குக் குறைவிருக்காது.

படிப்பது அக்காதானா என்று அவருக்குத் தெரியாது. அக்காதான் என்றால், அவளுக்கு எங்கே இருந்து எவன் இதை எழுதிக் கொடுத்தான்? களைத்துப்போனவள் இப்படி ஓயாமல் படிப்பாளா? பக்கத்தின் கடைசி வரிகளை நெருங்குகிறது என்பது குரலின் இறக்கத்தில் தெரிந்தது. அங்கே அது நிற்கும். ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும். தன் வாயை அவர் நம்பவில்லை.

எழுந்தார். செருப்பை மாட்டக்கூட நிற்காமல், உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் துறைத்தலைவி இன்னும் நின்றிருந்தாள். அவரை வெறுங்காலோடு பார்த்ததும் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

அவர் திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஏழோட முடிச்சுடும்மா. அதுக்கப்புறம் ஒரு வரி சேர்க்கக் கூடாது. யார் கொண்டுவந்து குடுத்தாலும் வாங்காதே."

"யார் சார் குடுக்கப் போறா?"

"நான் குடுப்பேன்" என்றார். "நான் வந்து கெஞ்சினாலும் வாங்காதே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பேருந்து வந்து நின்றது. அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து ஏற்றி, ஜன்னலோரத்தில் உட்காரவைத்தாள். அவர் ஜன்னல் கண்ணாடியை மூடச் சொன்னார். காற்றே இல்லையே என்று முன் இருக்கைக்காரர் முணுமுணுத்தார். அவள் எட்டி அதை இழுத்து மூடினாள்.