மேல்வீதிக்காரரின் பலகை

மேல்வீதியில் தன்னைப் போல மகா புத்திசாலி வேறு யாரும் இல்லை என்று சேனாதிபதி பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். அந்த வீதி பாழாய்ப் போனதற்கு அந்தப் புத்திதான் காரணம் என்று இப்போது அவரே சொல்லிச் சிரிப்பார்.

கொடைக்கானலுக்கே நடுநாயகமான வீதி. இருபுறமும் கண்ணாடி அலமாரி வைத்த கடைகள். துரைசானிமார் குடை பிடித்து வந்து பிஸ்கோத்து, ஜாம், சீஸ் வாங்குவார்கள். சேனாதிபதி கோட்டும் டையுமாகத் தன் கடை வாசலிலேயே நின்று குட் மார்னிங் சொல்வார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு உறுத்தல். வீதிக் கோடியில் சந்தை கூடும். கூக்கால், பள்ளங்கி என்று சுற்று மலைக்கிராமத்துக்காரர்கள் மட்டக்குதிரைகளில் பூண்டு மூட்டை கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு துரைசானி சீஸை மோந்து பார்த்து, பூண்டு நாற்றம் என்று மூக்கைச் சுளித்தாள். சீஸ் மட்டும் மல்லிகைப்பூவாகவா மணக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஐம்பத்திரண்டாம் வருஷம் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, சந்தையைக் கீழே பஸ் நிற்கும் மைதானத்துக்குத் துரத்தியடித்தார். போதாக்குறைக்குக் கடை வாசலில் ஒரு தேக்குப் பலகை: 'பூண்டு மூட்டையுடன் உள்ளே வரக்கூடாது.'

துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். சந்தைக்கு வந்தவர்கள் சோப்பும் சீப்பும் அரிக்கேன் விளக்கும் வாங்கித்தான் வீதியை இத்தனை நாள் தாங்கியிருந்தார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ரொட்டிக்கடை மூடியது. போட்டோ ஸ்டூடியோ உருளைக்கிழங்குக் கிடங்கானது. அறுபத்தொன்றாம் வருஷம் வீதியில் மிஞ்சியது சேனாதிபதியும் ஒரு நாயும். அதற்கும் அவர் குட் மார்னிங் சொன்னார்.

இந்தக் கடையையும் கிடங்குக்கே கொடுக்கப்போகிறேன், ஆவணிக்குள் காலி செய் என்று கட்டடத்தின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். சோற்றுக்கு வேறு வழியில்லை. சந்தையையே திரும்ப அழைத்து வருவது என்று டை கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். பூண்டு விற்கும் கூக்கால் வேலுத்தாய் சொல்லை அங்கே யாரும் தட்டமாட்டார்கள்.

"சந்தைய மறுபடி மேல கொண்டாந்துருங்க, வேலுத்தாயி."

"எங்க சரக்கு நாறுமே, மொதலாளி?"

"மோந்து பாக்க அங்க ஆளே இல்லீங்க."

வேலுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாங்க வரமாட்டோம்ங்க. இங்கதான் பஸ்சு நிக்குது, சனம் எறங்குது. நீங்க வேணா கீழ வாங்க. எம்பக்கத்துல எடம் சும்மாதான் கெடக்கு. ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்துருங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது. கூப்பிட்டாளே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது அதைவிட அவமானமாக இருந்தது.

ஞாயிறு காலை சோப்பும் சீப்பும் சுமந்துகொண்டு போனார். பரப்பி வைக்கப் பலகை வேண்டுமே! கடையில் உருப்படியாக இருந்தது அந்தத் தேக்குப் பலகை ஒன்றுதான். எழுத்து தெரியாதபடி கவிழ்த்துப் போட்டார். பின்பக்கத்துச் சட்டங்களில் இடறிச் சீப்பெல்லாம் சரிந்தது. வேலுத்தாய் எழுந்து வந்து பலகையைத் திருப்பிப் போட்டு, தன் பூண்டிலும் ஒரு கூடை அதன் ஓரத்தில் கொட்டினாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிடைத்த இடமும் போச்சு என்று நினைத்தார் சேனாதிபதி.

"யாருய்யா இத எழுதுனது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நாந்தாங்க," என்றார். "கிறுக்குப்பய வேல." பிறகு வேலுத்தாயைப் பார்த்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல?"

"எழுத்து தெரியாதுங்க. பலகையத் தெரியும்," என்றாள் அவள். "சோப்பு வாங்க வந்து, இதுக்கு வெளிய எம்புட்டு நேரம் நின்னுருக்கேன்."

அவர் குனிந்து சீப்புகளை அடுக்கினார். அவள் தராசை அவர் பக்கம் தள்ளினாள். "வெரசா நிறுங்க. ஆளு காத்துக் கெடக்குல்ல?"

பூண்டை நிறுத்துப் போட்டார். சாயங்காலம் கோட்டை மாட்டும்போது உள்ளங்கையை மோந்து பார்த்தார். சீஸைவிட நன்றாகத்தான் இருந்தது.