பெரியப்பாவின் கன்னடம்

உத்தமன் பெரியப்பாவுக்கு வாயில் மூன்று மொழி. வீட்டுக்குத் தமிழ், கறிக்கடை பாய்க்கு உருது, மற்ற ஊர் உலகத்துக்கெல்லாம் கன்னடம். ஆஸ்டின் டவுனில் பிறந்து காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். முகத்தைப் பார்த்ததும் மொழி தானாக மாறிக்கொள்ளும். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். வீட்டுக்குள் நான் ஒரு கன்னட வார்த்தை விட்டால் போதும், "நம்ம வூட்டுல நம்ம பேச்சு" என்று குதிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன மாதம், வைட்ஃபீல்ட் ஆபீஸிலிருந்து நான் களைத்து வந்தபோது கதவைத் திறந்து, "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்றார். சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் விசாரிப்பு! நான் மேனேஜர் ஆனதைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "இன்னும் இல்ல சார், போடுங்க" என்று நானும் விளையாடினேன்.

அப்புறம்தான் சில விஷயங்கள் உறுத்தின. சொன்ன கதையையே அரை மணி கழித்துப் புதுசாகச் சொன்னார். தயிர் வாங்கப் போனவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு இன்னா கேடு? நீ போய்க் காட்டிக்க" என்பார். பிடிவாதத்தில் நானும் அந்த வீட்டுப் பெண்தானே, விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் கன்னடத்தில் ஏதோ மரியாதையாகக் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னா பெரியப்பா, நான் பேசினா திட்டுவீங்க. இப்ப நீங்களே எங்கிட்ட கன்னடம் பேசுறீங்க?"

என் குரலைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. கீரையைக் கீழே வைத்தார்.

"மித்ரா, சில சமயம் எதிர்ல நிக்கிறது யாருன்னு சட்டுனு தெரிய மாட்டேங்குது கண்ணு. அப்ப கன்னடத்துல பேசிடுவேன். இந்த ஊர்ல யாரா இருந்தாலும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

அன்று அவர் கிண்டல் செய்யவே இல்லை. நான் யாரென்று தெரியாமல்தான் சாப்பாடு ஆச்சா என்று கேட்டிருக்கிறார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாத. நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்க உன்னைக் காட்டி, இவங்க யாருன்னு கேப்பாங்களாமே. உள்ள போறதுக்கு முன்னாடி எங் காதுல ஒருவாட்டி சொல்லிடு. நான் முழிச்சேன்னா நீ தாங்க மாட்ட."