ஸ்டியரிங்கில் கை வைத்த தூக்கம்

அன்று போட்டிருந்த தொப்பி நீலமா கறுப்பா என்று இப்போது அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நினைவு கையை விரிக்கிறது. அது கண்ணை மறைத்தது என்பது மட்டும் நிச்சயம்.

அவள் ஆஸ்பத்திரிகளுக்குச் சலவைத் துணி கொண்டுபோகும் வேன் ஓட்டினாள். அவளுக்கு வலிப்பு வந்தால் தூக்கத்தில்தான் வரும். அப்படிப்பட்டவர்கள் வண்டி ஓட்ட அந்த நாட்டில் தடையில்லை; விழித்திருக்கும்போது வந்தால்தான் தடை. ஆனால் டிரைவர்கள் கழுகு என்று பெயர் வைத்திருந்த மேற்பார்வையாளர், விழித்திருந்தபோதே அவளுக்கு வலிப்பு வந்தது என்று புகார் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் ரத்தானது. அவள் மேல்முறையீட்டுக்குப் போனாள்.

கழுகு பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான். துணி ஏற்றும் நேரத்தில் டிரைவர்கள் எல்லோரும் ஒரு தூக்கம் போடுவார்கள். முதுகு நிமிர்ந்திருக்கும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும், தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கும். பார்க்கிறவருக்கு, இதோ கிளம்பப்போகிறார் என்று தோன்றும். அன்று அவளுக்கு வலிப்பு வந்ததும் அப்படித் தூங்கும்போதுதான். தூங்கியது தெரிந்தால் வேலை போய்விடும். இதைச் சொன்னால் லைசென்ஸ் பிழைக்கும், வேலை பிழைக்காது. கூட்டாளிகளும் மாட்டிக்கொள்வார்கள்.

விசாரணை நடத்திய டாக்டரம்மா, பார்த்ததைச் சொல்லும்படி கழுகிடம் கேட்டார். அவர் சொல்ல ஆரம்பித்ததும் அவளுக்கு வாதாட வந்ததே மறந்துபோயிற்று. தன் வலிப்பை அவள் பார்த்ததில்லை. கணவனைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். இவரோ தோள் வெட்டி இழுத்தது, விரல்கள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தது என்று விலாவாரியாகச் சொன்னார். முகம் தெரியாத உறவுக்காரி ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொகம் எப்படி இருந்துச்சு சார்?"

"மொகம் தெரியலம்மா. தொப்பி மறைச்சுது."

"அப்ப கண்ணு?"

"அதுவும் தொப்பிக்குள்ளதான்," என்றார் கழுகு. பிறகு அவள், "நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"உக்காந்துகிட்டா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எங்க, காட்டுங்க."

அவள் மேசை விளிம்பைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, கைக்குட்டையைக் கண்மேல் இறக்கிக்கொண்டாள். பின்வரிசையிலிருந்த கணவன், வீட்டுக் கட்டிலில்கூட இவள் இவ்வளவு நேராகத் தூங்கியதில்லை என்றான். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கழுகுக்கு வரவில்லை. "தினமும் நான் பாக்கிறது இதைத்தானே," என்றார் மெதுவாக. "அப்ப எல்லாருமேவா?"

"கேஸு என்னைப் பத்தி மட்டுந்தான் சார்."

தூக்கத்தில் வைத்து அவள் மூளையைப் பரிசோதித்தார்கள்; வலிப்பு தூக்கத்தில்தான் வருகிறது என்று உறுதியானது. லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. வருடா வருடம் டாக்டரிடம் காட்ட வேண்டும். கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. இப்போது ஒரு ரொட்டிக்கடைக்கு வேன் ஓட்டுகிறாள். கணவன் அவள் கேட்டால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறான். கழுகு தொப்பிக்குத் தடை போட்டார், பின்னர் ஓய்வு பெற்றார். பழைய கூட்டாளிகள் அங்கேயேதான் இருக்கிறார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் சிலர் ஹாரன் அடிக்கிறார்கள், சிலர் அடிப்பதில்லை.