பச்சை டேக் கட்டிய கட்டில்

முதியவர்களைப் பராமரிக்கும் தரத்தை விஞ்ஞான முறைப்படி அளந்த முதல் இந்தியன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் வேறு யாராவது அளந்திருந்தால் மண்ணூரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும், விசாரித்துவிட்டேன், தெரியவில்லை. வருஷம் தொண்ணூற்றொன்று. எனக்கு வயது பத்தொன்பது. பி.காம். இரண்டாம் ஆண்டு.

அளக்க வேண்டிய அவசியம் பாப்பம்மாள் அத்தையால் வந்தது. நைனாவுக்கு அக்கா. பிள்ளைகள் இல்லை, எங்களோடுதான் இருந்தாள். ஆடி மாதம் பம்ப்செட் தொட்டி ஓரம் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரை இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், படுத்தபடியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் நைனாவிடம் சொன்னது இதுதான்:

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பிப் படுக்க வைக்கணும். முதுகுல புண்ணு வரக் கூடாது. சர்க்கரை ஒடம்பு. தோலு கிழிஞ்சிதுன்னா எலும்பு வரைக்கும் போவும். அப்புறம் என்கிட்ட தூக்கினு வராதீங்க."

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில் பகல் முழுக்கக் கூட இருக்க ஆள் கிடையாது. நைனா எல்லப்பன் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். அம்மா அம்சவல்லி மாத்திரை கம்பெனியில் பேக்கிங். நான் மதியம் வரை காலேஜ். ஆகவே அத்தையை மண்ணூரில் 'அடைக்கலம் நர்சிங் ஹோமில்' சேர்த்தோம்.

அது முன்பு கோழிப் பண்ணையாக இருந்த கட்டடம். நீளமான ஓட்டு ஷெட், பன்னிரண்டு கட்டில், இரண்டு ஆயாக்கள். நடத்துபவர் யாக்கோபு. முப்பது வருஷம் கம்பவுண்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். குறை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜெபம் செய்கிறாரா தூங்குகிறாரா என்று கடைசி வரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். ஒவ்வொருவரும் ஒரு விதமாகத் தரம் பார்ப்பார்கள். ஒரு குடும்பம் ஃபினாயில் வாசனையை மோந்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போகும். இன்னொரு குடும்பம் மதியக் குழம்பில் மீன் எத்தனை துண்டு என்று கரண்டி விட்டுத் துழாவும். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு மருமகன் வருவார். யாக்கோபு எழுந்து நின்று 'வாங்க சார்' என்றால் அவருடைய மாமியார் சௌக்கியம் என்று அர்த்தம். மாமியாரிடம் கேட்க மாட்டார்.

இவர்களையாவது மன்னிக்கலாம். நடேசனை மன்னிக்க முடியாது.

நடேசனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கேயோ ஒரு கம்பெனியில் நிரந்தரமாக செகண்ட் ஷிப்ட். அவர் மனைவி ரத்னாவுக்கு மூளையில் ரத்தம் கட்டி, ஒரு பக்கம் கை கால் விழுந்து பேச்சும் போயிருந்தது. அத்தைக்கு அடுத்த கட்டில். தினமும் ஒன்றரை மணிக்கு சைக்கிளில் ஒயர் கூடையோடு வருவார். முதலில் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்குவார். "ரத்னா, திரும்பலாமா?" என்று கேட்பார். பேச முடியாதவளிடம் கேட்டுவிட்டு, அவள் கண்ணைச் சிமிட்டும் வரை நிற்பார். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துத் தன் பக்கம் புரட்டுவார். முழங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை. முதுகைப் பழைய புடவைத் துணியால் ஒற்றுவார். ஒற்றும்போது, "தேய்க்கக் கூடாது, தேய்க்கக் கூடாது" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். பிறகு பேப்பரை மடித்து ஈரம் காயும்வரை விசிறுவார்.

ஹோட்டலில் டோக்கன் வாங்கிக்கொண்டு, நேராக உள்ளே போய்த் தானே தோசை சுடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் நடேசனைப் பார்த்திருக்கிறேன். 'நடேசன் ஆயா' என்று பெயர் வைத்தேன். காலேஜில் என் நண்பன் வசந்தகுமார் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் படுப்பான், அவன்தான் ரத்னா. நான் கையைத் தேய்த்து, கேட்டு, காத்திருந்து, புரட்டி, ஒற்றி, விசிறி, ஒரு அசைவு விடாமல் செய்து காட்டுவேன். "தேய்க்கக் கூடாது" வரும்போது வகுப்பே சேர்ந்து சொல்லும். அந்த நம்பருக்கு நான்கு முறை ஒன்ஸ்மோர் கிடைத்தது.

தரம் என்பது ஆள் ஆளாய் வந்து முதுகைத் தடவிப் பார்ப்பதில் இல்லை, முறையில் இருக்கிறது என்பது என் கட்சி. அப்படிப்பட்ட முறை எங்கள் வீட்டிலேயே இருந்தது. நைனா கம்பெனியில் போல்ட்டை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பெட்டிக்குப் பச்சை டேக் கட்டுவார். சரியில்லை என்றால் சிவப்பு.

"பச்ச கட்டிட்டா அப்புறம் அந்தப் பொட்டிய எவனும் தொறக்க மாட்டான்" என்றார் நைனா. "தொறந்தான்னா இன்ஸ்பெக்டர மூஞ்சிக்கு நேரா அசிங்கப்படுத்துறான்னு அர்த்தம்."

நான் ஒரு அட்டை தயாரித்தேன். பன்னிரண்டு கட்டம், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இடது, வலது, நேர். திருப்பியதும் ஆயா ஒரு கோடு போட வேண்டும். கோடுகள் சரியாக இருந்தால் கட்டில் காலில் பச்சை டேக். நைனா ஒரு கட்டு டேக் கொண்டுவந்து கொடுத்தார். மகன் தன் வழிக்கு வந்துவிட்டான் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

யாக்கோபு அட்டையைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தார். பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட்டைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு பச்சை. வந்த குடும்பங்களில் பாதி கம்பெனி ஆட்கள். டேக்கைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், திரும்பிவிட்டார்கள். போர்வையை யாரும் தூக்கவில்லை. மீன் துண்டைக்கூட யாரும் எண்ணவில்லை. சேரப்பணஞ்சேரி மருமகன் என்னையே 'சார்' என்று கூப்பிட்டார். நடேசன் மட்டும் டேக்கை ஒதுக்கிவிட்டு ரத்னாவைப் புரட்டிக்கொண்டிருந்தார். முன்னேற்றத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"டேய் எழிலு, முதுகுல எறும்பு கடிக்கிறா மாரி கீதுடா."

"கார்டு சரியா கீது அத்தை. பச்ச."

"கார்டுக்கா முதுகு எரியுது? எனக்குடா, பேமானி."

வயதானவர்கள் புள்ளிவிவரத்தை நம்புவதில்லை என்று குறித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மழையால் காலேஜ் லீவு. பதினொன்றரை மணிக்கே மண்ணூர் போனேன். ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடேசனும் அன்று சீக்கிரம் வந்திருந்தார். வழக்கம்போல முதலில் அட்டையைப் பார்த்தேன். கோடுகள் அழகாக, வரிசையாக இருந்தன. சாயங்காலம் ஆறு மணி வரை இருந்தன. எட்டு மணியும் இருந்தது.

அத்தை மல்லாந்து படுத்திருந்தாள்.

ஆயா செங்கமலத்தைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தைய எடது பக்கம் திருப்பிட்டீங்க போல கீதே?"

"ஆமா தம்பி. காத்தாலயே எழுதிட்டேன்."

முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

"எழுதிட்டா ஆச்சா? திருப்ப வேணாவா?"

"பன்னெண்டு கட்டிலு. கட்டிலுக்குப் பன்னெண்டு கோடு. நீயே கணக்குப் போடு, காலேஜ் படிக்கிற" என்றாள் செங்கமலம். "முன்னெல்லாம் அந்தப் பக்கம் போவசொல்ல ஒரு கை போட்டு திருப்பிட்டுப் போய்க்கினே இருப்பேன். இப்ப கண்ணாடியத் தேடி, பென்சிலத் தேடி, எந்தக் கட்டம்னு பாத்து கோடு போடறதுக்கே பொழுது போயிடுது. அதான் காத்தாலயே மொத்தமா போட்டுடறேன். அய்யாவும் அட்டயத்தான பாக்குறாரு. நீயும் வந்ததும் அட்டயத்தான பாக்குற?"

அட்டையைக் குப்புறத் திருப்பித் தொங்கவிட்டேன்.

நடேசன் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று ஓ.டி., முன்கூட்டியே போக வேண்டும். என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, உங்க அத்தை மூணு நாளா மொனகிக்கினே கீறாங்க. நான் அந்நிய ஆம்பள, துணிய வெலக்கிப் பாக்க முடியுமா? செங்கமலத்துகிட்ட சொன்னேன். பச்ச டேக்கு கட்டி கீதேன்னுச்சு."

சொல்லிவிட்டு மழையில் போய்விட்டார்.

நான் அத்தை பக்கத்தில் நின்றேன். மழையில் நனைந்து வந்ததில் கை ஜில்லென்றிருந்தது. பரபரவென்று தேய்த்தேன்.

"அத்தை, திரும்பலாமா?"

"இன்னாடா, மரியாதயெல்லாம் புச்சா கீது?"

காத்திருந்தேன். சரி என்பதுபோல ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. முறிந்த பக்கம் மேலே இருக்கும்படி என் பக்கம் புரட்டினேன். பெஞ்சில் வசந்தகுமார் இவ்வளவு கனம் இல்லை.

முதுகுத் தண்டு முடிகிற இடத்தில், எட்டணா அளவுக்கு, கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். விரலால் லேசாக அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் வெளுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் குனிந்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன். டாக்டர் சொன்ன வார்த்தை ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. தோல் கிழிந்திருக்கிறதா? மூன்று தடவை பார்த்தேன். கிழியவில்லை.

"இன்னாடா, பேச்சே காணோம்?" என்றாள் அத்தை என் சட்டையைப் பார்த்தபடி.

"எறும்பு ஒண்ணு கடிச்சிருக்குது அத்தை."

"நான் சொன்னப்ப எவன் கேட்டான்?"

யாக்கோபைக் கூட்டிவந்து காட்டினேன். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா தோலு கிழிஞ்சி வாய் வெச்சிருக்கும்" என்றார். "இனிமே மல்லாக்கவே படுக்கக் கூடாது தம்பி. விடாம மாத்தி மாத்தித் திருப்பினா அடங்கிடும். ஆனா பகல்ல இருக்கறது ஒரு ஆயா, நைட்டுக்கு ஒரு ஆயா. பன்னெண்டு பேருக்கு ரெண்டு மணிக்கு ஒருவாட்டின்னு நான் வாக்குக் குடுத்தா அது பொய்."

அந்த நர்சிங் ஹோமில் நான் கேட்ட முதல் உருப்படியான அறிக்கை அதுதான். அதில் கட்டம் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். நைனா, "போல்ட்டுன்னா கட்டி வெச்ச எடத்துலயே கெடக்கும்டா" என்றார். பிறகு கம்பெனியில் செய்வதுபோலவே ஷிப்ட் போட்டார். காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவர். ஒன்றரையிலிருந்து ஐந்து வரை நான். எனக்குக் காலை ஷிப்ட் காலேஜ், பன்னிரண்டே முக்காலுக்கு விட்டுவிடுவார்கள். ஆறு மணிக்கு அம்மா. மீதி நேரத்துக்கு ஆயாக்கள். கோடு போட வேண்டாம், திருப்பினால் போதும் என்றதும் செங்கமலம் கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வருவதற்கு முன்னாலேயே போய்ப் பன்னிரண்டு டேக்கையும் அவிழ்த்துவிட்டேன். சேரப்பணஞ்சேரி மருமகன் வந்து கட்டில் காலைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னா சார், இன்னிக்கு ரிசல்ட்டு இல்லயா?"

"இன்ஸ்பெக்டர் லீவு. நீங்களே தொறந்து பாத்துக்குங்க."

அவர் தயங்கித் தயங்கிப் போர்வையைத் தூக்கினார். மாமியாரின் குதிகாலில் சிவந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, யாக்கோபைக் கூப்பிட்டார். யாக்கோபு எழுந்து நின்று 'வாங்க சார்' என்றார். அன்று அது எடுபடவில்லை.

ஷிப்ட் போட்ட பன்னிரண்டாம் நாள். ஒன்றரை மணி. அத்தையைப் புரட்டியிருந்தேன். முழங்காலுக்கு நடுவே எங்கள் வீட்டுச் சின்னத் தலையணை. எட்டணா நாலணாவாகச் சுருங்கிப் பழுப்பாகிவிட்டிருந்தது. அழுத்தினால் வெளுத்தது, ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அம்மாவின் பழைய புடவையைக் கிழித்த துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா மொனகற? மந்திரமா?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததயா ரெண்டு ரெண்டுவாட்டி சொல்ற?"

ஒயர் கூடையோடு நடேசன் வந்ததை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று தெரியாது. கூடையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த ஸ்டூலில், என் கைக்கு எட்டுகிற பக்கமாக வைத்தார். பிறகு ரத்னா பக்கம் திரும்பிக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஈரம் காய வேண்டும். விசிறப் பேப்பர் கொண்டுவர மறந்துவிட்டேன். கட்டில் காலில் என் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். நல்ல கெட்டி அட்டை. அத்தை முதுகுக்கு விசிற ஆரம்பித்தேன்.