ஊசிச்சிட்டுக்கு நேரே எழுதியது

பறவைக் கணக்கெடுப்பவர் காட்டுக்குள் கண்ணை நம்பமாட்டார். இலை அப்படி அடர்ந்த காடு. ஓரிடத்தில் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்று, காதில் விழும் குரல்களைத் தாளில் எழுதுவதுதான் வேலை. இருபத்தாறு வருடமாக அவர் சொன்னால் சொன்னதுதான், அலுவலகத்தில் மறுபேச்சு கிடையாது.

அன்று மேற்குச் சரிவின் கடைசிக் கணக்கு. அந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஊசிச்சிட்டு இரண்டு வருடமாக அங்கே கேட்கவில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் சரிவு பாதுகாப்புப் பட்டியலை விட்டுப் போய்விடும். கல் குவாரிக்காரர்கள் அதற்குள் அடிவாரத்தில் எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள், பிணம் விழுவதற்கு முன்பே பாடை கட்டுகிறவர்கள்.

விதிப்படி இரண்டு பேர் போகவேண்டும். கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல். தையல் கடையை மூடிவிட்டு மனைவி வந்திருந்தாள்.

"நேரம் பாத்துச் சொல்றதுதான் உன் வேலை. பேசக் கூடாது."

"வீட்டுல பேசினா மட்டும் காதுல போட்டுக்கிறீங்களாக்கும்!"

அவர் சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். குக்குறுவான் இரண்டு. மரகதப்புறா ஒன்று. தூரத்தில் மரங்கொத்தி. பத்து நிமிடம் முடிந்ததும் ஊசிச்சிட்டுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். சொந்தத்தில் ஒரு சாவைப் பதிவது போல மனம் கனத்தது.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். "தலைக்கு மேல சன்னமா கத்துதே, அதை எழுதலையா?"

"எது?"

"வந்ததுலேருந்து கத்திக்கிட்டே இருக்கே!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குக்குறுவான் கேட்டது, வேறொன்றும் இல்லை. அவள் காட்டிய கிளையைத் தொலைநோக்கியில் பார்த்தார். கட்டைவிரல் அளவு ஊசிச்சிட்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை.

வயதானால் மெல்லிய குரல்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகும் என்று புதியவர்களுக்கு வகுப்பெடுத்தவரே அவர்தான். தன் காதுக்கும் வயதாகும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"யானைக்கும் அடி சறுக்கும்," என்றாள் மனைவி. "அடிச்சிட்டு 'ஒண்ணு'ன்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

எழுதினார். மேற்குச் சரிவு பிழைத்துக்கொள்ளும், அவர் பெயரும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இன்னும் நான்கு சரிவுகளுக்கு அவர் 'இல்லை' என்று எழுதிய தாள்கள் அலுவலகத்தில் இருந்தன. கைப்பேசியை எடுத்து அலுவலக அதிகாரியை அழைத்தார்.

"மேடம், என் கணக்கு எதையும் இனிமே நம்பாதீங்க. ரெண்டு வருஷமாவது தப்பா இருக்கும். எனக்குக் காது போயிடுச்சு."

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "அப்போ கிழக்குச் சரிவு?"

போன வருடம் அவர் கையெழுத்தை நம்பித்தான் கிழக்குச் சரிவை வெடிவைத்து எடுத்தார்கள். இப்போது அங்கே மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"அங்கயும் கத்தியிருக்கும் மேடம்," என்றார் அவர். "நான்தான் இல்லைன்னு எழுதினேன்."