கழலாத பொன்னாடை

1993 பொங்கலுக்கு விழுப்புரம் தமிழ் மன்றத்தார் பட்டிமன்றப் பேச்சாளர் வெற்றிச்செல்வனுக்குப் போர்த்திய பொன்னாடை கழலவே இல்லை. குளித்தால் நனையும், வெயிலில் காயும், தோளை விட்டு இறங்காது. அதன்மேல் மற்ற ஊர்க்காரர்கள் போர்த்தியவையும் அப்படியே ஒட்டிக்கொண்டன. பதினெட்டு வருஷத்தில் மனிதர் வைக்கோல்போர் மாதிரி ஆகிவிட்டார். மேடையில் அவருக்கு மட்டும் மூன்று நாற்காலியைச் சேர்த்துப் போட்டார்கள்.

முகையூர் பரிமளா ஒரு காலத்தில் அவரிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனவள். பத்தொன்பது வயதில், ஒத்திகை அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் தன் கையைப் பிடித்து இழுத்ததை 2011இல் திண்டிவனத்தில் மேடையேறிச் சொன்னாள். அவள் கேட்டது ஒன்றுதான்: 'ஆமாம், செய்தேன்' என்று அவர் மைக்கில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடேயப்பா, ஊருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! போர்த்தியவர்கள் எல்லாரும் தத்தம் பொன்னாடையைத் திரும்ப வாங்க அவர் வாசலில் திரண்டார்கள். போர்த்திய கை இழுத்தால்தான் கழன்றது. ஆனால் கடைசியாகப் போர்த்தியவர்தான் முதலில் உருவ முடியும் என்பதால், யார் எந்த வருஷம் என்று வரிசையில் அடிதடியே நடந்தது. இருபத்தோரு நாள் உருவினார்கள். முடிவில் அக்கினி நட்சத்திரத்தில் ஒரு ஒல்லி மனிதர் பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றார். ஐயோ பாவம் என்றது அதே ஊர்.

பரிமளா மன்றச் செயலாளர் அரங்கநாதனிடம் போனாள்.

"அவரு ஒத்துக்கினாராங்க?"

"அதான் எல்லாத்தையும் உருவிட்டமேம்மா, இன்னும் இன்னா வேணும்?"

"நான் துணியாங்க கேட்டேன்?"

அவள் திரும்பி நடந்தாள். இத்தனை பேர் அவரைத் தொட்டு இழுத்தார்களே, ஒருத்தராவது வாய் திறந்து கேட்டாரா?

2013இல், எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசனை ஒதுக்கி வைப்பது என்று அரங்கநாதனே புதிதாக ஒன்றைப் போர்த்தினார். போர்த்திய மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. பரிமளா விறுவிறுவென்று மேடையேறி, "செஞ்சியா, இல்லியா?" என்று கேட்டாள். வெற்றிச்செல்வன் சோடா குடித்தார். அவளைக் கீழே இறக்கினார்கள். அடுத்த விழாவிலும் கேட்டாள், அதற்கடுத்த விழாவிலும் கேட்டாள். கொஞ்ச நாளில் இறக்குவதை விட்டுவிட்டார்கள். 2016 முதல் அழைப்பிதழிலேயே அச்சாகிறது: வரவேற்புரை, பொன்னாடை போர்த்துதல், பரிமளா கேட்டல், நன்றியுரை. அவளும் முகையூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு விழாவும் தவறாமல் கேட்கிறாள். அவர் சோடா குடிக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.