அக்காவுக்கு இன்னொரு நாற்காலி

நாட்டில் ஒரு பெண் முதன்முதலாக உட்கார வேண்டிய நாற்காலி எதுவானாலும் அதில் அக்காவைத்தான் உட்கார வைத்தார்கள். முதல் பெண் கொறடா, முதல் பெண் அமைச்சர், கட்சியின் முதல் பெண் துணைத்தலைவர். நாற்காலி வந்து சேரும்போது அதன் அதிகாரம் மட்டும் முந்தின வாரமே வேறு அறைக்குக் குடிபோயிருக்கும். இத்தனை வருடத்தில் அக்காவுக்கென்று மிஞ்சியது முதுகுவலி.

அன்று காலை கட்சிச் செயலாளர் பூங்கொத்தோடு வந்தபோது, அக்கா வெந்நீர்ப் பையில் முதுகைச் சாய்த்திருந்தார்.

"வாழ்த்துகள்க்கா! தலைவர் உங்களை சபாநாயகர் ஆக்கிட்டார். பதினோரு மணிக்குப் பதவியேற்பு. நாட்டிலேயே முதல் பெண்!"

"இன்னிக்கேவா? மத்தியானம் என் மசோதா வருதே."

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு கேட்கும் மசோதா. இரண்டு முறை கிடப்பில் கிடந்துவிட்டு இப்போதுதான் விவாதத்துக்கு வருகிறது. சபாநாயகர் ஆகிவிட்டால் அக்கா அதைப் பற்றி வாய் திறக்க முடியாது. கொண்டுவந்தவர் பேசாவிட்டால் மசோதா அத்தோடு செத்தது. அநேக உறுப்பினர்களின் வீட்டில் வேலைக்கு ஆள் உண்டு என்பது தற்செயலாக இருக்கலாம்.

"அதை யாராவது பார்த்துப்பாங்கக்கா."

"யாரு, நீ பேசுறியா?"

செயலாளர் பூங்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார். "எங்க வீட்ல அந்தம்மா ஒரு நாள் வரலன்னாலே பாத்திரம் மலை மாதிரி குவிஞ்சிடுது."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அக்காவின் கணவர் சொன்னார்: "பெரிய நாற்காலிடி. முதுகுக்கு நல்லது."

"நீங்க சும்மா இருங்க."

செயலாளர் தரையைப் பார்த்தார். "மாட்டேன்னா அடுத்த தேர்தல்ல சீட் இல்லைன்னு சொல்லச் சொன்னார்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று செயலாளர் குனிந்து பார்த்தார்.

"வேண்டாம்னு சொல்லிடு தம்பி. சீட்டையும் வேற யாருக்காவது கொடுக்கட்டும். நீ வண்டியிலதானே வந்தே? எங்க வண்டி சர்வீசுக்குப் போயிருக்கு. என்னைச் சபையில இறக்கி விட்டுடு."

வழியெல்லாம் அக்கா பேச்சைச் சொல்லிப் பார்த்தார். காய்ச்சலோடு வேலைக்கு வந்து அடுப்படியில் மயங்கி விழுந்த பெண்ணின் கதை கடைசிப் பக்கத்தில் வந்தது. சிக்னலில் நின்றபோது செயலாளருக்குப் பொறுக்கவில்லை.

"அதை முதல்ல சொல்லுங்கக்கா. கடைசியில சொன்னா எல்லாரும் தூங்கிடுவாங்க."

"நானே தூங்கிடுவேன்டா," என்று அக்கா தாள்களை மாற்றி அடுக்கினார்.